ஆகாயத்துக்குச் சுருதி சேர்த்த மார்க்கோனி

கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரையில் மாலை வேளையில் காற்று வாங்க உட்கார்ந்திருப்பவர்கள் சற்றுத் தலை நிமிர்ந்து பார்த்தால், மேகங்களுக்கிடையே விளக்கைச் சிமிட்டிக்கொண்டு செல்லும் விமானங்களைக் காணலாம். தரையில் இருப்பவர்களுக்குச் சென்னையும் திருச்சியும் தூரத்து ஊர்கள்தான். கடலூரிலிருந்து சென்னை விமான நிலையம் நேர்கோட்டில் ஏறக்குறைய 145 கிலோ மீட்டர். திருச்சி விமான நிலையம் சுமார் 160 கிலோ மீட்டர். ஆனால் 6,000 மீட்டர் உயரத்தில் பறக்கும் விமானத்துக்கு, நாலா பக்கமும் 300 கிலோ மீட்டர் வரையில் உள்ள ரேடியோ நிலையங்கள் எல்லாம் எதிர்வீட்டுத் திண்ணை மாதிரி. சென்னை நிலையத்தின் குரலும் அதற்கு எட்டும். திருச்சி நிலையத்தின் குரலும் எட்டும்.

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வங்காள விரிகுடாவில் புயல் சின்னம் தோன்றி, கடலூரிலும் சிதம்பரத்திலும் வானம் இருண்டு மழை கொட்டும் நாட்களில் விமானிக்கு ஓடுபாதை தெரியாது. கண்ணாடிக்கு வெளியே வெறும் பஞ்சுப் பொதிதான். அந்த நேரத்தில் அவரைத் தரைக்கு அழைத்து வருபவை இரண்டு ரேடியோ அலைகள். ஒன்று ஓடுபாதையின் நடுக்கோட்டைக் காட்டும். மற்றொன்று எந்தச் சரிவில் இறங்க வேண்டும் என்பதைக் காட்டும். சென்னையும் திருச்சியும் ஒரே அலைவரிசையில் பேசினால், கடலூர் வானத்தில் வரும் விமானத்தின் கருவி யார் பேச்சைக் கேட்கும்? நூற்றுக்கணக்கான உயிர்கள் அந்த ஒரு கேள்வியில் தொங்குகின்றன.

சிதம்பரத்தை ஆகாயத் தலம் என்பது மரபு. ஒன்றுமே இல்லாததுபோல் தோன்றும் அந்த ஆகாயம் இன்று நஞ்சை நிலத்தைப்போல் அளக்கப்பட்டு, எல்லைக் கல் நடப்பட்டு, இன்னாருக்கு இன்ன பங்கு என்று பட்டா எழுதிக் கொடுக்கப்பட்டிருக்கிறது. எல்லைக் கல் நடும் வித்தையை உலகத்துக்குக் காட்டியவர்களில் முக்கியமானவர் இத்தாலியரான குக்லியெல்மோ மார்க்கோனி. ஆகாயம் எல்லோருக்கும் பொது என்று சட்டம் செய்ய முற்பட்டபோது, அதற்குக் குறுக்கே நின்றதும் அவருடைய கம்பெனிதான். இரண்டும் ஒரே மனிதரின் வாழ்க்கையில் நடந்தது விசித்திரம்.

மாடி அறையில் ஒலித்த மணி

மார்க்கோனி 1874-ம் ஆண்டு ஏப்ரல் 25-ந் தேதி போலோஞா நகரில் பிறந்தார். தந்தை ஜூஸெப்பே நிலபுலம் உள்ளவர். தாயார் அன்னி ஜேம்ஸன் அயர்லாந்து தேசத்துப் பெண். பெயர் பெற்ற விஸ்கி வியாபாரக் குடும்பத்தில் பிறந்தவர். பையன் பள்ளிப் படிப்பில் சோபிக்கவில்லை. பல்கலைக் கழகத்தில் மாணவனாகச் சேரவும் முடியவில்லை. ஆனால் அங்கே பௌதிகப் பேராசிரியராக இருந்த ரீகி அண்டையில் வசித்தார். அவர் தயவில் சோதனைச் சாலையை எட்டிப் பார்க்கும் பாக்கியம் கிடைத்தது.

1894-ம் வருஷத் துவக்கத்தில், மின் அலைகளைச் சோதனை மூலம் நிரூபித்த ஜெர்மன் விஞ்ஞானி ஹெர்ட்ஸ் 36 வயதில் காலமானார். அவரைப் பற்றி ரீகி எழுதிய இரங்கல் கட்டுரையை, மலைப் பிரதேசத்தில் விடுமுறையில் இருந்த மார்க்கோனி படித்தார். கம்பி இல்லாமல் அலை போகுமானால், கம்பி இல்லாமல் தந்தியும் போகலாமே என்று அந்த இருபது வயது இளைஞருக்குத் தோன்றியது. பெரிய பெரிய மேதைகள் எல்லாம் அந்த அலைகளை மேஜைமேல் வைத்து ஆராய்ந்து கொண்டிருந்தபோது, அதை வீட்டுக்கு வெளியே எடுத்துச் செல்லவேண்டும் என்ற பிடிவாதம் இவருக்கு மட்டும் ஏற்பட்டது. மார்க்கோனியின் மேதைமை முழுவதும் அந்தப் பிடிவாதத்தில்தான் இருந்தது என்று சொன்னால் தவறில்லை.

போன்டெக்கியோ கிராமத்து வீட்டின் மாடி அறையில் ஓர் இரவு, அறையின் ஒரு கோடியில் சாவியை அழுத்தினால் மறு கோடியில் மணி ஒலிக்கும்படி செய்தார். தூங்கிக்கொண்டிருந்த தாயாரை எழுப்பிக் கொண்டு வந்து காட்டினார். அடுத்த வருஷம் கருவியைத் தோட்டத்துக்குக் கொண்டு வந்தார். ஒரு முனையை மண்ணில் புதைத்து, மறு முனையை உயரக் கம்பத்தில் கட்டியதும் தூரம் கூடியது. கடைசியில் கருவியைக் குன்றுக்கு அப்பால் கொண்டுபோய் வைத்து, குறி வந்தால் துப்பாக்கியால் சுடும்படி சொல்லி அனுப்பினார். குன்றுக்குப் பின்னாலிருந்து வேட்டுச் சத்தம் கேட்டது.

அதே 1895-ல் கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ், சில மில்லி மீட்டர் நீளமே உள்ள அலைகளைக் கொண்டு மணி அடித்தும் வெடிமருந்து வெடிக்க வைத்தும் காட்டினார். போஸ் அதைப் பணமாக்க விரும்பவில்லை. மார்க்கோனி விரும்பினார். 1896-ம் வருஷம் தாயாருடன் லண்டனுக்குப் போய், ஜூன் மாதம் காப்புரிமைக்கு மனுச் செய்தார். பிரிட்டிஷ் தபால் இலாகாவின் தலைமை எஞ்சினீயர் பிரீஸ் ஆதரவு தந்தார். 1897 மே மாதம் பிரிஸ்டல் கால்வாயைக் கம்பியில்லாத் தந்தி தாண்டியது. ஜூலையில் மார்க்கோனியின் கம்பெனி பிறந்தது. அப்போது அவருக்கு வயது 23.

தம்புராவும் தந்தியும்

முதல் வெற்றியோடு முதல் தொல்லையும் சேர்ந்தே வந்தது. அந்தக் காலத்துக் கருவி பளிச்சென்று தீப்பொறி தெறிக்க வைத்து அலையைக் கிளப்பியது. அந்த அலைக்கு ஒரு ஸ்வரம் கிடையாது; எல்லா ஸ்வரத்திலும் ஏக காலத்தில் இரைந்தது. இரண்டு நிலையங்கள் ஒரே நேரத்தில் பேசினால், கேட்பவருக்கு இரண்டுமே புரியாது. சந்தைக் கடை இரைச்சல்தான்.

சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக் கழக இசைக் கல்லூரியில் தம்புராவுக்குச் சுருதி சேர்ப்பதைக் கண்டவர்களுக்கு இதன் மருந்து என்ன என்பது விளங்கும். ஒரு தந்தியை மீட்டினால், அதே சுருதியில் கட்டிய மற்றொரு தந்தி தொடாமலே அதிரும். வேறு சுருதியில் கட்டிய தந்தி சும்மா இருக்கும். மின்சாரச் சுற்றுக்கும் இப்படிச் சுருதி உண்டு. அனுப்பும் கருவியையும் வாங்கும் கருவியையும் ஒரே சுருதியில் கட்டிவிட்டால், பக்கத்தில் யார் கத்தினாலும் அது காதில் விழாது.

இதற்கு 1900-ம் ஆண்டு ஏப்ரல் 26-ந் தேதி மார்க்கோனி மனுச் செய்த காப்புரிமையின் எண் 7777. நான்கு ஏழுகள் என்று ரேடியோ சரித்திரத்தில் பிரசித்தம். அந்த வருஷமே ஒரே கம்பத்தில் இரண்டு கருவிகளை மாட்டி, ஒன்றில் ஆங்கிலச் செய்தியும் மற்றொன்றில் பிரெஞ்சுச் செய்தியும் ஒரே சமயத்தில் வரும்படி செய்து காட்டினார். இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. இன்றைக்கு ஆகாயத்தைப் பங்கு போடும் சாஸ்திரம் முழுவதற்கும் அஸ்திவாரம் அங்கே இருக்கிறது. சுருதி சேர்க்கும் யோசனையில் ஆலிவர் லாட்ஜ் என்ற ஆங்கிலேயர் முன்னோடி. 1897-லேயே அவர் மனுப் போட்டிருந்தார். பல வருஷங்களுக்குப் பிறகு மார்க்கோனியின் கம்பெனியே அவருடைய உரிமையை விலைக்கு வாங்கிக்கொண்டது. மார்க்கோனி இறந்த பின், 1943-ல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு, லாட்ஜ் முதலியவர்கள் முந்திக்கொண்டார்கள் என்று காட்டி, அவருடைய அமெரிக்கக் காப்புரிமையின் முக்கிய பகுதிகளைத் தள்ளிவிட்டது. கண்டுபிடித்த பெருமை ஒருவருக்கே என்று எழுதி வைப்பது எப்போதுமே ஆபத்து.

1901 டிசம்பர் 12-ந் தேதி நடந்தது பள்ளிக்கூடப் புத்தகங்களில் உள்ள சம்பவம். கனடாவுக்குக் கிழக்கே நியூபவுண்ட்லாந்துத் தீவில், சிக்னல் ஹில் என்ற குன்றின்மேல், புயல் காற்றில் காற்றாடி விட்டு அதன் கம்பியைக் கருவியில் இணைத்து மார்க்கோனி காத்திருந்தார். அட்லாண்டிக் மகா சமுத்திரத்துக்கு அப்பால், 3,400 கிலோ மீட்டர் தூரத்தில், இங்கிலாந்தின் போல்டு நிலையத்திலிருந்து மூன்று புள்ளிகள் மட்டும் திரும்பத் திரும்ப அனுப்பப்பட்டன. மார்ஸ் தந்தி பாஷையில் அது எஸ் என்னும் எழுத்து. அது தம் காதில் விழுந்ததாக அவரும் உதவியாளர் கெம்பும் சொன்னார்கள். அன்று உபயோகித்த பாதரச உணர்கருவியைப் போன்ற ஒன்றை 1899-லேயே போஸ் லண்டன் ராயல் சொஸைட்டியில் விவரித்திருந்தார் என்பதைப் பிற்கால ஆராய்ச்சியாளர்கள் எடுத்துக் காட்டினார்கள்.

காதால் கேட்டதற்குச் சாட்சி ஏது என்று பலர் சந்தேகித்தார்கள். இரண்டு மாதம் கழித்து, 1902 பிப்ரவரியில் பிலடெல்பியா என்ற கப்பலில் ஏறி, காகித நாடாவில் குறிகள் பதிவாகும்படி செய்துகொண்டே அவர் அமெரிக்கா போனார். சாட்சி கிடைத்தது. கூடவே எதிர்பாராத ஒரு விஷயமும் அகப்பட்டது. பகலில் 700 மைலோடு நின்றுவிட்ட குறிகள், இரவில் 2,000 மைலுக்கு மேல் வந்தன! அலைகள் எங்கே போய் நிற்கும் என்பது அனுப்புகிறவர் இஷ்டத்தில் இல்லை. ஆகாயத்தைப் பங்கு போடுகிறவர்களுக்கு இது இன்றும் தலைவலிதான்.

அரங்கில் நடந்த அவமானம்

அதே 1902-ல் ஜெர்மன் சக்கரவர்த்தியின் தம்பி ஹென்ரிக், அமெரிக்காவில் விருந்தாடிவிட்டு டாய்ச்லாந்து என்ற கப்பலில் ஊர் திரும்பினார். ஜனாதிபதி ரூஸ்வெல்டுக்கு நன்றி சொல்லித் தந்தி அனுப்ப விரும்பினார். கரையில் இருந்த மார்க்கோனி நிலையம் அதை வாங்கிக்கொள்ள மறுத்துவிட்டது. காரணம், கப்பலில் இருந்தது ஜெர்மன் கம்பெனியின் கருவி. மார்க்கோனி கருவி வைத்திருப்பவர்களோடு மட்டுமே மார்க்கோனி நிலையங்கள் பேசும் என்பது கம்பெனிக் கட்டளை. வியாபார ரீதியில் அது சாமர்த்தியம். கடலில் மூழ்கும் கப்பலுக்கு அது என்ன ஆகும் என்று அப்போது யோசித்ததாகத் தெரியவில்லை.

தம்முடைய சுருதி முறையில் யாரும் குறுக்கிட முடியாது, ரகசியம் வெளியேறாது என்று மார்க்கோனி பெருமையாகச் சொல்லி வந்தார். 1903 ஜூன் 4-ந் தேதி அதற்குப் பரீட்சை வந்தது. லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷன் அரங்கில் பேராசிரியர் பிளெமிங் கம்பியில்லாத் தந்தி பற்றிப் பிரசங்கம் செய்தார். தூரத்துப் போல்டு நிலையத்திலிருந்து மார்க்கோனி அனுப்பும் செய்தியைச் சபையோர் முன் வாங்கிக் காட்டுவதாக ஏற்பாடு. குறித்த நேரத்துக்குச் சற்று முன்னால் மேஜைமேல் இருந்த கருவி தானே பேச ஆரம்பித்தது. எலிகள் என்ற ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப அடித்தது. பிறகு, ஊரை ஏமாற்ற வந்த இத்தாலிய வாலிபன் என்று கேலி செய்யும் பாட்டு ஒன்றைப் பதிவு செய்தது. உதவியாளருக்கு வியர்த்துவிட்டது.

பிளெமிங் பத்திரிகையில் ஆத்திரத்தோடு எழுதினார். அதைச் செய்தது தானே என்று நெவில் மாஸ்கலின் பகிரங்கமாக ஒப்புக்கொண்டார். அவர் தொழில்முறை மாயாஜாலக்காரர். மார்க்கோனியால் வியாபாரம் கெடும் என்று அஞ்சிய கடலடித் தந்திக் கம்பெனி ஒன்றுக்காக ஏற்கனவே உளவு பார்த்தவர். அரங்குக்கு அருகிலேயே ஒரு சிறு கருவியை வைத்து, சுருதி கிருதி ஒன்றும் பாராமல் தீப்பொறியைத் தெறிக்க விட்டார், அவ்வளவுதான். வீணைக் கச்சேரிக்குப் பக்கத்தில் பறை அடித்தால் வீணையின் சுருதி சுத்தமாக இருந்து என்ன பயன்? நம்முடைய கருவிக்கு நாம் சுருதி சேர்த்தால் மட்டும் போதாது; பக்கத்து வீட்டுக்காரரும் ஓர் ஒழுங்குக்குக் கட்டுப்பட வேண்டும். மாஸ்கலின் செய்தது குறும்பு என்றாலும், அந்த உண்மையைச் சபையில் நிரூபித்தவர் அவர்தான்.

ஒழுங்கு செய்ய நாடுகள் முன்வந்தன. 1903-ல் பெர்லினில் ஆரம்பக் கூட்டம் நடந்தது. 1906-ல் அதே நகரில் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. கப்பல்களோடு பேசும் பொது உபயோகத்துக்கு 300 மீட்டர், 600 மீட்டர் என்று இரண்டு அலை நீளங்கள் வகுக்கப்பட்டன. எந்தக் கம்பெனியின் கருவியாக இருந்தாலும் கரை நிலையங்கள் பேச மறுக்கக் கூடாது என்று விதிக்கப்பட்டது. ஆபத்துக் குறியாக எஸ். ஓ. எஸ். ஏற்கப்பட்டது. மார்க்கோனி கம்பெனி கடைசி வரையில் இதை எதிர்த்தது. இருந்தாலும் 1909-ல் நோபல் பரிசு மார்க்கோனியையும், போட்டிக் கம்பெனியின் பக்கம் இருந்த ஜெர்மன் விஞ்ஞானி பிரௌனையும் சேர்த்தே கௌரவித்தது.

நடுக்கடலில்

1912 ஏப்ரல் 14-ந் தேதி இரவு. டைட்டானிக் கப்பலில் மார்க்கோனி கம்பெனியின் ஊழியர் பிலிப்ஸ், பிரயாணிகளின் சொந்தச் செய்திகளைத் தூரத்து ரேஸ் முனை நிலையத்துக்கு மும்முரமாக அனுப்பிக்கொண்டிருந்தார். இரவு பதினொரு மணி சுமாருக்குப் பக்கத்திலிருந்த கலிபோர்னியன் கப்பலின் ஊழியர் எவான்ஸ், தங்களைப் பனிக்கட்டிகள் சூழ்ந்துவிட்டதைச் சொல்ல முற்பட்டார். அருகிலிருந்து வந்த குறி, காதைப் பிளப்பதுபோல் பாய்ந்து, தூரத்துச் செய்தியை மூழ்கடித்தது. எரிச்சலுற்ற பிலிப்ஸ் அவரைச் சும்மா இருக்கச் சொல்லிவிட்டார். எவான்ஸ் சற்று நேரம் கேட்டுவிட்டுக் கருவியை நிறுத்திப் படுத்துக்கொண்டார். பதினொன்று நாற்பதுக்கு டைட்டானிக் பனிப் பாறையில் மோதியது.

பக்கத்திலிருந்த கப்பல் தூங்கியது. தூரத்திலிருந்த கார்பேதியா கப்பலின் ஊழியர் படுக்கைக்குப் போகுமுன் தற்செயலாகக் காதில் கருவியை மாட்டியிருந்ததால் ஆபத்துக் குறி அவருக்குக் கேட்டது. எழுநூறுக்கு மேற்பட்டவர்கள் பிழைத்தார்கள். ஏறக்குறைய ஆயிரத்து ஐந்நூறு பேர் மாண்டார்கள். கடைசி வரையில் சாவியை விடாத பிலிப்ஸும் மாண்டார். டைட்டானிக்கில் வரும்படி மார்க்கோனி தம்பதிகளுக்கே அழைப்பு இருந்தது. அவர் வேலை நிமித்தம் முன்னதாக வேறு கப்பலில் போய்விட்டார். கார்பேதியா நியூயார்க் துறைமுகத்துக்கு வந்தபோது மார்க்கோனி நேரில் போய்ப் பார்த்தார். உயிர் தப்பியவர்கள் அவரைத் தெய்வம்போல் கொண்டாடினார்கள். அருகிலிருப்பவன் குரல், தூரத்திலிருப்பவன் குரலை அமுக்கிவிடும் என்ற பாடத்துக்கு அன்று கொடுத்த விலையை யாரும் கணக்கிட முடியாது.

அந்த வருஷமே செப்டம்பரில் இத்தாலியில் மோட்டார் விபத்தில் மார்க்கோனி வலது கண்ணை இழந்தார்.

தமிழ்நாட்டில் சாமர்த்தியசாலியை எம்டன் என்பார்களே, அந்த எம்டன் கப்பலின் முடிவும் ரேடியோக் குறுக்கீட்டுக் கதைதான். 1914 செப்டம்பரில் சென்னைமீது குண்டு வீசிய அந்த ஜெர்மன் கப்பல், நவம்பர் 9-ந் தேதி கோகோஸ் தீவுத் தந்தி நிலையத்தை அழிக்கப் போயிற்று. நிலையத்தார் அபாயச் செய்தியை அனுப்பத் தொடங்கினார்கள். எம்டன் தன் கருவியால் இரைச்சல் கிளப்பி அதை அமுக்கப் பார்த்தது. முடியவில்லை. செய்தி கேட்டு வந்த ஆஸ்திரேலியப் போர்க் கப்பல் சிட்னி, எம்டனைச் சல்லடையாக்கிவிட்டது.

திரை போட்ட கப்பல்

யுத்தத்துக்குப் பிறகு மார்க்கோனி ஒரு தேர்ந்த நீராவி உல்லாசக் கப்பலை வாங்கி எலெட்ரா என்று பெயரிட்டு, அதையே வீடாகவும் சோதனைச் சாலையாகவும் ஆக்கிக்கொண்டார். நீண்ட அலைகள்தான் தூரம் போகும் என்று அதுவரை நம்பிக் கோடி கோடியாகச் செலவழித்தவர், தம் நம்பிக்கையைத் தாமே உடைத்தார். 1924-ல் 32 மீட்டர் சிற்றலை, நல்ல பகலில் இங்கிலாந்திலிருந்து பேரூட் துறைமுகம் வரை எட்டியது. சிற்றலையை வாய்க்கால் நீரைப்போல் ஒரே திசையில் பாய்ச்சவும் முடிந்தது. 1927-ல் புனாவுக்கருகே அமைந்த நிலையங்களின் வழியே இந்தியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இம்முறையில் தந்திப் போக்குவரத்து திறக்கப்பட்டது. சிற்றலை மலிவு என்று தெரிந்ததும் எல்லா நாடும் அதில் இறங்கின. அதே ஆண்டு வாஷிங்டனில் மகாநாடு கூடி, கப்பலுக்கு, விமானத்துக்கு, ஒலிபரப்புக்கு என்று தனித்தனியே பங்கு பிரிக்கவேண்டியதாயிற்று.

அவருடைய அரசியலை மறைப்பதற்கில்லை. 1923-ல் முஸோலினியின் பாசிஸ்டுக் கட்சியில் சேர்ந்தார். பதவிகளையும் பட்டங்களையும் ஏற்றார். அபிஸீனியா மீது இத்தாலி படையெடுத்தபோது அதற்காகப் பரிந்து பேசினார். 1935-ல் லண்டன் ரேடியோவில் அந்த நியாயத்தை எடுத்துச் சொல்ல அவர் விரும்பியபோது, பி. பி. சி. இடம் தர மறுத்தது. 1922-ல் பி. பி. சி.யைத் தோற்றுவித்த கம்பெனிகளில் அவருடைய கம்பெனியும் ஒன்று! ஒரு காலத்தில் பிறருடைய செய்தியை ஏற்க மறுத்தவருக்கு அந்த அனுபவமும் கிடைத்தது.

ஆயினும் விமானத்தை மேகத்துக்குள்ளிருந்து இறக்கும் வித்தைக்கு மிக அருகே அவரைக் கொண்டுபோன சோதனை, அதற்கு முந்திய வருஷம் நடந்தது. அமெரிக்காவில் 1929 செப்டம்பர் 24-ந் தேதி ஜிம்மி டூலிட்டில் என்ற விமானி, தம் ஆசனத்தைத் திரையால் மூடிக்கொண்டு, ரேடியோவையும் கருவிகளையும் மட்டும் பார்த்து விமானத்தை ஏற்றி இறக்கிக் காட்டியிருந்தார். 1934 ஜூலையில் மார்க்கோனி கப்பலில் அதையே செய்தார். இத்தாலியில் ஸெஸ்த்ரி லெவாந்தே என்ற கடற்கரை ஊரில், குன்றின்மேல் 63 சென்டி மீட்டர் அலையை வீசும் வழிகாட்டி நிலையம் ஒன்றை அமைத்தார். கடலில் சுமார் 90 மீட்டர் இடைவெளியில் இரண்டு மிதவைகள். எலெட்ராவின் மேல்தட்டு அறையைத் திரைகளால் மூடச் செய்தார். வெளியே எதுவும் தெரியாத நிலையில், கப்பல் நேர்கோட்டுக்கு இடப்பக்கம் விலகுகிறதா வலப்பக்கம் விலகுகிறதா என்று அலை சொன்னதை மட்டும் வைத்து, மாலுமிகள் இரண்டு மிதவைகளுக்கும் நடுவே கப்பலைச் செலுத்தினார்கள். ஒற்றைக் கண்ணோடு அறுபது வயதில் நின்றவர், பார்வையே வேண்டாத பாதையைக் காட்டினார்.

இருதய நோய் அவரை வெகு நாளாக வாட்டி வந்தது. 1937 ஜூலை 20-ந் தேதி ரோமாபுரியில் காலமானார். உலகத்தின் பல பாகங்களிலும் ரேடியோ நிலையங்கள் இரண்டு நிமிஷம் மௌனம் அனுசரித்தன. அவர் பிறந்த காலத்தில் இருந்ததுபோல் ஆகாயம் அந்த இரண்டு நிமிஷம் அமைதியாக இருந்தது.

கடலூர் வானத்தில்

அடுத்த ஆறாவது மாதம், 1938 ஜனவரி 26-ந் தேதி, பிரயாணிகளோடு வாஷிங்டனிலிருந்து வந்த ஒரு விமானம் பனிப் புயலில் பிட்ஸ்பர்க் நகரில் ரேடியோ வழிகாட்டலைக் கொண்டு இறங்கியது. 1947-ல் அட்லாண்டிக் சிட்டியில் நடந்த சர்வதேச மகாநாடு உலகத்தின் அலைவரிசைப் பங்கீட்டைப் புதுப்பித்தது. ரேடியோ வழிகாட்டி இறக்கும் முறைக்கு உலகப் பொதுவான விதிகளும் அந்தக் காலத்திலேயே ஏற்பட்டன. இந்தியாவில் 1952-ல் இதற்கென மத்திய அரசில் தனிப் பிரிவு தோன்றியது. எந்த நிலையமானாலும் அலைவரிசையை அங்கேதான் பெற வேண்டும்.

முறை இதுதான். ஓடுபாதையின் கோடியில் வரிசையாக நிற்கும் கம்பங்கள், 108 முதல் 112 மெகாஹெர்ட்ஸுக்குள் ஓர் அலையை வீசும். அந்த அலைமேல் இரண்டு ஒலிகள் ஏற்றப்பட்டிருக்கும். இறங்க வரும் விமானத்துக்கு இடப்பக்கம் வினாடிக்கு 90 அதிர்வுள்ள ஒலி ஓங்கும். வலப்பக்கம் 150 அதிர்வுள்ள ஒலி ஓங்கும். இரண்டும் சமமாக இருந்தால் நடுக்கோட்டில் வருவதாக அர்த்தம். ஒரு மீட்டருக்கும் குறைந்த நீளமுள்ள மற்றொரு அலை, 3 டிகிரிச் சரிவை இதேபோல் காட்டும். ஸெஸ்த்ரி லெவாந்தேயில் மார்க்கோனி எடுத்த 63 சென்டி மீட்டர் அலைக்கு அது நெருங்கிய உறவு. 2018 அக்டோபர் 12-ந் தேதி திருச்சியில் கிளம்பிய ஒரு விமானம், ஓடுபாதைக் கோடியில் இருந்த இந்தக் கம்பங்களிலும் மதிற்சுவரிலும் உரசிவிட்டுப் போய், 136 பேருடன் மும்பையில் பத்திரமாக இறங்கிய செய்தி பலருக்கு நினைவிருக்கும்.

உலகம் முழுவதற்கும் இந்த வேலைக்காக உள்ளவை நாற்பதே அலைவரிசைகள். விமான நிலையங்களோ ஆயிரக்கணக்கில். ஆகையால் ஒரே எண்ணைப் பல ஊர்களுக்குத் தர வேண்டியிருக்கிறது. இந்த இடத்தில்தான் பங்கு பிரிப்பவர்கள் தேசப்படத்தை விரித்து, கவராயத்தைக் கையில் எடுக்கிறார்கள். ஒரு நிலையத்தின் அலை, ஓடுபாதைத் திசையில் சுமார் 46 கிலோ மீட்டர் வரையில் நம்பத் தகுந்ததாக இருக்கவேண்டும். அந்த எல்லைக்குள் எங்கே இருந்தாலும், சொந்த நிலையத்தின் குரல், அதே எண்ணில் பேசும் வேறு ஊர்க் குரலைவிட நூறு மடங்கு வலுவாக விழவேண்டும் என்பது விதி. டைட்டானிக்கில் பக்கத்துக் குரல் தூரத்துக் குரலை அமுக்கியது கேடாக முடிந்தது. இங்கே அதையே காவலாகத் திருப்பியிருக்கிறார்கள். நடுவே உள்ள கடலூர் வானத்தில் இரண்டு குரலும் எட்டும் என்பதால், சென்னை, திருச்சிபோல் நெருங்கிய ஊர்களை வேறு வேறு எண்ணில் வைத்துவிடுவதே நிம்மதி.

தெருவில் ஒற்றைப்படை எண் வீடுகள் ஒரு வாடை, இரட்டைப்படை எண் வீடுகள் எதிர் வாடை என்று இருக்குமல்லவா? அதுபோல் 108.1, 108.3 என்று ஒற்றைப்படையாக வருபவை இறங்கும் விமானத்துக்கு உரியவை. 108.2, 108.4 என்பவை வானத்தில் திசை சொல்லும் வேறு வகை நிலையங்களுக்கு. பின்பக்கத்து அண்டை வீட்டுக்காரர்தான் சற்றுச் சத்தக்காரர். கடலூரிலும் சிதம்பரத்திலும் வீட்டுக்கு வீடு சினிமாப் பாட்டுக் கேட்கும் எப். எம். ரேடியோ 108-ல் முடிகிறது. விமானத்தின் பங்கு அதே 108-ல் ஆரம்பிக்கிறது. நடுவே வேலிகூட இல்லை. வலுமிக்க இரண்டு எப். எம். நிலையங்களின் அலைகள் விமானத்தின் ஏற்புக் கருவிக்குள் கலந்து, இல்லாத மூன்றாவது குரல் ஒன்றைப் பிறப்பித்துவிடலாம். அதைத் தாங்கும்படியான கருவிகளையே விமானத்தில் வைக்கவேண்டும் என்று 1998 முதல் சர்வதேச விதி கண்டிப்பாயிற்று. மாஸ்கலினின் பறை இன்னும் ஓயவில்லை.

இவ்வளவு ஏற்பாடும் செய்த பிறகும் விமானி கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிடுவதில்லை. கடலூரைத் தாண்டி மேகத்துக்குள் இறங்கத் தொடங்கும்போது, 110.3 என்றோ வேறு எண்ணோ வைத்துச் சுருதி கூட்டுவார். சரிவு காட்டும் அலை, ஜோடி எண்ணில் தானே வந்து சேரும். பிறகு, தாம் கேட்பது தாம் நாடிய நிலையம்தானா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். அதற்காக அந்த நிலையம் நிமிஷத்துக்கு ஆறு தடவையாவது தன் பெயரைச் சொல்லிக்கொண்டே இருக்கும். அதைச் சொல்வது மனிதக் குரலில் அல்ல. சிக்னல் ஹில்லில் காற்றாடிக் கம்பியின் கீழே உட்கார்ந்து மார்க்கோனி கேட்ட அதே மார்ஸ் பாஷையில், புள்ளியும் கோடுமாக.